குடியால் மாணவர்களுக்கு வரும் கெடுதலை நாடுகளுக்கிடையே ஒப்பிட்டு அளப்பது: மதுரையில் ஆய்வு செய்வோருக்கு முழுமையான வழிகாட்டி

இந்த ஆய்வில் இறங்கும் பலர் முதல் வாரத்திலேயே கூகுள் ஃபார்ம் தயாரித்துவிடுகிறார்கள். ஆங்கிலத்தில் கிடைத்த கேள்வித்தாளைத் தமிழாக்கி, வகுப்பு வாட்ஸப் குழுக்களில் போட்டு, வந்த மதிப்பெண்களைக் கூட்டி, ஏதோ ஒரு வெளிநாட்டுக் கட்டுரையில் இருக்கும் சராசரிக்குப் பக்கத்தில் வைத்து, "நம் மாணவர்களுக்குக் கெடுதல் குறைவு" என்றோ "கூடுதல்" என்றோ எழுதி முடித்துவிடுகிறார்கள். அந்த இரண்டு எண்களும் ஒரே விஷயத்தைத்தான் அளந்தனவா என்பதை யாரும் சோதித்திருக்க மாட்டார்கள். அப்படி வந்த முடிவை நம்பி ஒரு விடுதிக்கு விதி போடுவார்கள், உதவி தேவைப்படும் ஒரு பையனைத் தேவையில்லை என்று விட்டுவிடுவார்கள். அதனால்தான் இதை இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதுகலை ஆய்வேடோ, முனைவர் பட்டமோ, வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்த திட்டமோ, எதுவானாலும் வரிசை ஒன்றுதான். மாணவர்கள் முன்னால் தாளை நீட்டுவது எட்டாவது படியில்தான் வருகிறது. அதற்கு முந்தைய படிகளில் ஒன்றைத் தாண்டினாலும் பின்னால் எந்தப் புள்ளியியலாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

நீங்கள் ஒப்பிடப்போகும் வெளிநாட்டில் ஒரு கூட்டாளி வேண்டும். அங்கே வெளியான சராசரியை மட்டும் வைத்து ஒப்பிடவே முடியாது, ஒவ்வொரு மாணவரும் ஒவ்வொரு கேள்விக்கும் தந்த பதில் வேண்டும். அதைத் தருவதாக எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தமிழ், ஆங்கிலம் இரண்டும் நன்றாகத் தெரிந்த மூன்று பேர், அதில் ஒருவராவது மாணவர்களோடு அன்றாடம் புழங்குபவர். புள்ளியியல் தெரிந்த ஒருவர், கடைசியில் கூப்பிட அல்ல, முதல் நாளிலிருந்தே. மென்பொருளுக்குச் செலவில்லை, ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருள் இலவசம், அதில் லாவான் (lavaan) என்ற தொகுப்பு போதும்.

நேரம் ஒரு முழுக் கல்வியாண்டு. ஒரு செமஸ்டரில் முடித்துவிடலாம் என்று வழிகாட்டி சொன்னால், ஒப்பீட்டை விட்டுவிட்டு மதுரையை மட்டும் அளக்கும் ஆய்வாகச் செய்யுங்கள், அதுவும் நல்ல ஆய்வுதான்.

1. எந்தக் கெடுதல் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

"குடியின் பாதிப்பு" என்று தலைப்பு வைத்தால் அதற்குள் மூன்று வேறு விஷயங்கள் கலந்துவிடும். எவ்வளவு குடிக்கிறார்கள் என்பது ஒன்று. குடித்ததால் குடித்தவருக்கே என்ன ஆனது என்பது இன்னொன்று: வாந்தி, விபத்து, அரியர், சண்டை, நினைவு தவறியது. அடுத்தவர் குடித்ததால் இந்த மாணவருக்கு என்ன ஆனது என்பது மூன்றாவது.

மூன்றாவதை நம் ஊரில் விட்டுவிடவே கூடாது என்பது என் கருத்து. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் ஐந்தாவது சுற்றில் (2019-21), இந்தியா முழுவதும் சேர்த்து, 15 வயதும் அதற்கு மேலும் உள்ள ஆண்களில் 18.8 சதவீதம் பேர் மது குடிப்பதாகப் பதிவாகியிருக்கிறது, பெண்களில் 1.3 சதவீதம். ஒரு மகளிர் கல்லூரியில் போய் "குடித்ததால் உங்களுக்கு என்ன ஆனது" என்று மட்டும் கேட்டால் கிட்டத்தட்ட எல்லாமே பூஜ்ஜியமாக வரும். ஆனால் அப்பா குடித்ததால் செமஸ்டர் ஃபீஸ் கட்ட முடியாமல் போன பெண், கடை இருக்கும் தெரு வழியாக நடக்கப் பயந்து ஒரு ஸ்டாப் தள்ளி இறங்கும் பெண் அதே வகுப்பில் உட்கார்ந்திருப்பாள். அவளுக்கு வந்த கெடுதலுக்கு உங்கள் தாளில் ஒரு கட்டம்கூட இல்லை என்றால் அந்தத் தாள் மதுரையை அளக்கவில்லை.

ஆகவே இப்படி எழுதுங்கள்: "18 முதல் 25 வயது மாணவர்களில், கடந்த 12 மாதங்களில் குடித்தவர்களுக்குத் தம் குடியால் நேர்ந்தவை, தனியாக, எல்லா மாணவர்களுக்கும் பிறர் குடியால் நேர்ந்தவை." முதல் பகுதிதான் ஒப்பீட்டுக்கு. இரண்டாவதைக் கூட்டாளி நாடும் கேட்கச் சம்மதித்தால் அதையும் ஒப்பிடலாம்.

2. கருவியைத் தேர்ந்தெடுங்கள், உள்ளே கை வைக்காதீர்கள்

எல்லோருக்கும் முதலில் தெரியவருவது ஆடிட் (AUDIT) என்ற கேள்வித்தாள். உலகச் சுகாதார நிறுவனத்தின் திட்டத்தில் உருவாகி 1993-ல் வெளியானது. பத்துக் கேள்விகள், 0 முதல் 40 வரை மதிப்பெண், 8 அல்லது அதற்கு மேல் என்றால் கவனிக்க வேண்டிய நிலை. முதல் மூன்று கேள்விகள் குடிக்கும் அளவு, அடுத்த மூன்று அடிமைத்தன அறிகுறிகள், கடைசி நான்குதான் கெடுதல். அதாவது மொத்த மதிப்பெண்ணை "கெடுதல் மதிப்பெண்" என்று சொல்லவே முடியாது. ஆபத்தில் இருப்பவரைக் கண்டுபிடிக்க அது நல்ல கருவி, அதற்குத்தான் செய்யப்பட்டது.

கெடுதலை மட்டும் அளக்க, கல்லூரி வயதினருக்காகவே செய்யப்பட்ட யாக் (YAACQ) என்ற கேள்வித்தாள் இருக்கிறது. முழு வடிவம் 48 கேள்விகள், சுருக்க வடிவம் 24. எல்லாமே ஆம் அல்லது இல்லை. 23 கேள்விகள் கொண்ட ரட்கர்ஸ் பட்டியல் இன்னொன்று, அது பதின்வயதினரை மனதில் வைத்து 1989-ல் வந்தது. நான் சுருக்க யாக்கைத்தான் பரிந்துரைப்பேன். 24 கேள்விகளை ஒரு வகுப்பு நேரத்துக்குள் நிதானமாக முடிக்கலாம், யாக்கை அர்ஜென்டினா, ஸ்பெயின், அமெரிக்கா மாணவர்களிடம் வைத்து நாடுகளுக்கிடையே சோதித்த அனுபவமும் ஏற்கனவே இருக்கிறது. உருவாக்கியவர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பி அனுமதி வாங்கிவிடுங்கள்.

இங்கே நடக்கும் பெரிய தவறு, "இது நம் ஊருக்குப் பொருந்தாது" என்று இரண்டு கேள்விகளை நீக்கி மூன்றைச் சேர்ப்பது. அப்படிச் செய்த நிமிடமே அது வேறு கருவி ஆகிவிடுகிறது. மூல 24-ஐ அப்படியே வைத்துக்கொண்டு, நம் ஊருக்கான கேள்விகளைக் கடைசியில் தனிப் பகுதியாகச் சேருங்கள். ஒப்பீட்டு மதிப்பெண்ணில் அவை வராது, மதுரை அறிக்கையில் வரும்.

மொத்த மதிப்பெண்ணை அப்படியே நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கணக்கு. ஒரு பையன் வருடத்தில் மூன்று நான்கு முறை, திருவிழாவுக்கோ நண்பன் ட்ரீட்டுக்கோ ஒரு குவாட்டர் குடிக்கிறான். ஆடிட்டில் முதல் கேள்விக்கு 1, அளவுக்கு 2, ஒரே நேரத்தில் ஆறு டிரிங்க் குடித்ததற்கு 1 (ஒரு குவாட்டர் ஏன் ஆறு டிரிங்க் என்பது அடுத்த படியில்). இதுவரை 4. ஒரு முறை குடித்துவிட்டு மனசு உறுத்தியது, அதற்கு 1. வீட்டில் தெரிந்து அம்மா அழுதாள். "உறவினரோ நண்பரோ கவலைப்பட்டார்களா" என்ற கடைசிக் கேள்விக்கு அது இந்த வருடம் நடந்திருந்தால் 4. மொத்தம் 9, எல்லைக்கு மேலே. அதே அளவு குடிக்கும் பையன், வீட்டில் அப்பாவோடு உட்கார்ந்தே பீர் குடிக்கும் ஊரில் பிறந்திருந்தால் 4-லேயே நின்றிருப்பான். இந்த ஐந்து மதிப்பெண்ணில் எவ்வளவு அவன் உடம்புக்கும் படிப்புக்கும் வந்த கெடுதல், எவ்வளவு வீட்டின் கண்டிப்பு? அம்மாவின் கண்ணீரும் கெடுதல்தான் என்று வாதிடலாம், நானே வாதிடுவேன். ஆனால் அது என்ன என்று தெரிந்துதான் எண்ணில் சேர்க்க வேண்டும்.

3. பாட்டிலைக் கிராமாக மாற்றும் அட்டவணை செய்யுங்கள்

கெடுதலை ஒப்பிடுவதற்கு முன் "ஒரே அளவு குடித்தவர்கள்" யார் என்று தெரிய வேண்டும். இங்கேதான் ஆய்வுகள் அதிகம் சறுக்குகின்றன, ஏனென்றால் ஒரு டிரிங்க் என்பது நாட்டுக்கு நாடு வேறு. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 10 கிராம் சுத்த ஆல்கஹால், ஆஸ்திரேலியாவிலும் அதுவே. அமெரிக்காவில் 14 கிராம், பிரிட்டனில் ஒரு யூனிட் 8 கிராம், ஜப்பானில் ஏறத்தாழ 20.

கணக்கு எளிது: மில்லி லிட்டர், அதைப் பாட்டிலில் போட்டிருக்கும் சதவீதத்தால் பெருக்கி, 0.789-ஆல் பெருக்குங்கள். 0.789 என்பது ஆல்கஹாலின் அடர்த்தி. நம் கடையில் விற்கும் பிராந்தி, ரம், விஸ்கி வழக்கமாக 42.8 சதவீதம். அப்படியானால்:

ஸ்மால், 30 மில்லி: 10 கிராம்.
லார்ஜ், 60 மில்லி: 20 கிராம்.
கட்டிங், 90 மில்லி: 30 கிராம்.
குவாட்டர், 180 மில்லி: 61 கிராம்.
ஃபுல், 750 மில்லி: 253 கிராம்.
650 மில்லி பீர், 5 சதவீதம்: 26 கிராம். அதே பாட்டில் 8 சதவீத ஸ்ட்ராங் என்றால் 41 கிராம்.

இப்போது அந்தக் குவாட்டரை ஆடிட்டின் இரண்டாவது கேள்வியில் போட்டுப் பாருங்கள். 10 கிராம் கணக்கில் ஆறு டிரிங்க், 2 மதிப்பெண். அமெரிக்க டிரிங்கில் 4.3, 1 மதிப்பெண். பிரிட்டன் யூனிட்டில் 7.6, 3 மதிப்பெண். மாணவரே "ஒரு குவாட்டர்தானே, ஒன்று" என்று நினைத்து டிக் செய்தால் பூஜ்ஜியம். ஒரே பாட்டில், நான்கு விடை. அதிலும் ஒரே நேரத்தில் 60 கிராமோ அதற்கு மேலோ குடிப்பதைத்தான் உலகச் சுகாதார நிறுவனம் மிகைக் குடி என்று கணக்கிடுகிறது, நம் ஊரில் "சும்மா ஒரு குவாட்டர்" என்று சொல்லும் அளவு அந்தக் கோட்டைத் தொட்டுவிடுகிறது.

அதனால் "எத்தனை டிரிங்க்" என்று கேட்கவே வேண்டாம். எந்தச் சரக்கு, எந்த அளவு பாட்டில், எத்தனை பேர் பங்கு போட்டீர்கள், மிச்சம் இருந்ததா என்று கேளுங்கள். மாணவர்கள் பெரும்பாலும் காசு சேர்த்து வாங்குகிறார்கள், தனக்கு எவ்வளவு வந்தது என்று தெரியாது. ஒரு ஃபுல்லை நான்கு பேர் பகிர்ந்தால் ஆளுக்கு 63 கிராம், ஐந்து பேர் என்றால் 51. தலை எண்ணிக்கை ஞாபகம் இருக்கும், மில்லி ஞாபகம் இருக்காது. பாட்டில், பிளாஸ்டிக் கப் படங்களைத் தாளில் அச்சிட்டால் இன்னும் நல்லது.

பீரைத் தனியாகக் கேளுங்கள். "நான் குடிக்க மாட்டேன், பீர் மட்டும்தான்" என்று சொல்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். "மது அருந்துவீர்களா" என்ற ஒரே கேள்வியில் அவர்கள் அத்தனை பேரும் "இல்லை"யில் போய்விடுவார்கள்.

4. தமிழாக்கத்தை ஒருவரிடம் விடாதீர்கள்

இரண்டு பேர் தனித்தனியாகத் தமிழாக்க வேண்டும். மூன்றாமவர் இரண்டையும் வைத்துக்கொண்டு வரி வரியாகப் பேசி ஒன்றாக்க வேண்டும். எதை ஏன் எடுத்தோம், எதை விட்டோம் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், கட்டுரையை மதிப்பீடு செய்பவர் கட்டாயம் கேட்பார். அதன்பின் மூலத்தைப் பார்க்காத ஒருவர் திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகலாம், ஆனால் அது மட்டும் போதாது. பாடப்புத்தகத் தமிழில் சொல்லுக்குச் சொல் மாற்றினால் திரும்பும்போது ஆங்கிலம் அழகாக வந்துவிடும், படிக்கும் மாணவருக்குத்தான் எதுவும் புரிந்திருக்காது.

நினைவு தவறுவது பற்றிய கேள்வி இதற்கு நல்ல சோதனை. கேட்க வருவது, விழித்துக்கொண்டு நடந்து பேசிக்கொண்டிருந்தும் மறுநாள் அந்த நேரம் ஞாபகத்தில் இல்லாமல் போவதை. இதை "சுயநினைவு இழந்தேன்" என்று எழுதினால், மாணவர்கள் மட்டையாகி விழுந்ததை நினைத்துக்கொண்டு பதில் சொல்வார்கள். சுருக்க யாக்கில் மட்டையானதற்குத் தனிக் கேள்வி இருக்கிறது. இரண்டும் ஒன்றாகிவிட்டால் ஒரே கெடுதலை இரண்டு முறை எண்ணுகிறோம். "குடித்த அன்று என்ன செய்தேன், என்ன பேசினேன் என்பதில் பெரும்பகுதி மறுநாள் ஞாபகமே இல்லை" என்று நீட்டி எழுதினால் சரியாகப் பிடித்துக்கொள்கிறார்கள். கேள்வி நீளமானால் பரவாயில்லை.

கார் ஓட்டியது பற்றிய கேள்வியை "வண்டி ஓட்டினேன்" என்று மாற்றலாம், காரும் பைக்கும் அதில் அடங்கும், கூட்டாளி நாட்டிலும் அதே பொருளில் கேட்கச் சொல்லுங்கள். குடித்த நண்பனின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போனதை மதுரைக்கான தனிப் பகுதியில் சேருங்கள்.

5. தாளை அச்சடிக்கும் முன் மாணவர்களோடு உட்காருங்கள்

ஆறாவது படியில் சொல்லும் அனுமதி வந்தபின் இதைத் தொடங்குங்கள். பத்துப் பதினைந்து மாணவர்கள் போதும். விடுதி, வீட்டிலிருந்து வருபவர், ஆண், பெண், தமிழ் வழி, ஆங்கில வழி என்று கலந்து எடுங்கள். ஒவ்வொரு கேள்வியையும் படிக்கச் சொல்லி, "இதை உங்கள் நண்பனிடம் எப்படிக் கேட்பீர்கள்?", "இதைப் படித்ததும் என்ன நினைத்தீர்கள்?" என்று கேளுங்கள். "புரிகிறதா?" என்று கேட்காதீர்கள், மரியாதைக்காக எல்லோரும் "புரியுது சார்" என்பார்கள்.

இந்தப் பேச்சில்தான் எந்தக் கேள்வி இங்கே வேறு பொருளில் நிற்கிறது என்று முன்கூட்டியே தெரியும். வகுப்புக்குப் போகாமல் இருந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே 75 சதவீத வருகைப்பதிவு வேண்டும், குறைந்தால் கண்டோனேஷன் கட்டணம் கட்ட வேண்டும், தேர்வு எழுத விடாமலும் போகலாம். அதனால் தலை வெடித்தாலும் வந்து கடைசி பெஞ்சில் தூங்குவார்கள். வருகைப்பதிவு கட்டாயமில்லாத நாட்டில் அதே நிலையில் இருப்பவர் அறையிலேயே படுத்துவிடுவார். கெடுதல் ஒன்றுதான், ஒருவர் "ஆம்" என்பார், மற்றவர் "இல்லை" என்பார். இதை இப்போதே எழுதி வையுங்கள், பத்தாவது படியில் தேவைப்படும். "வகுப்பில் இருந்தும் கவனிக்க முடியவில்லை" என்ற கேள்வியைத் தனிப் பகுதியில் சேருங்கள்.

6. அனுமதி: ஒரே விண்ணப்பத்தில் இரண்டு கட்டம்

நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் ஐந்தாவது படியையே தொடக்கூடாது, ஆனால் குழு கேட்பதோ கடைசி வடிவத் தாள். இதில் பலர் மாட்டிக்கொண்டு மாதக்கணக்கில் நிற்கிறார்கள். வழி இதுதான்: மொழியாக்கம் முடிந்ததும் "முதல் கட்டம் நேர்காணல், இரண்டாம் கட்டம் கணக்கெடுப்பு" என்று ஒரே விண்ணப்பமாகப் போடுங்கள், நேர்காணலுக்குப் பின் திருத்திய தாளைத் திருத்தமாகச் சமர்ப்பியுங்கள். வெளிநாட்டுப் பணமோ தரவுப் பகிர்வோ இருந்தால் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) வழியாக மத்தியச் சுகாதார அமைச்சகக் குழுவின் பார்வைக்குப் போக வேண்டியிருக்கும், அதை முதல் மாதத்திலேயே விசாரியுங்கள்.

முதலாண்டில் 17 வயதுக்காரர்கள் இருப்பார்கள். அவர்களுக்குப் பெற்றோர் கையெழுத்து வேண்டும், அந்தக் கடிதம் வீட்டுக்குப் போனாலே பதில்கள் மாறிவிடும். 18 நிறைந்தவர்களை மட்டும் எடுங்கள்.

தமிழ்நாட்டில் மது வாங்க 21 வயதாக வேண்டும். உங்கள் தாளை நிரப்புபவர்களில் பாதிக்கு மேல் சட்டப்படி குடிக்கக் கூடாத வயது, ஒப்புக்கொண்டால் டி.சி. கிழியும் என்று பயப்படுபவர்கள். பெயர், பதிவெண், கைபேசி எண் எதுவும் வேண்டாம். கல்லூரி முதல்வரிடம் முன்பே இரண்டு விஷயத்துக்கு எழுத்தில் சம்மதம் வாங்குங்கள்: நிரப்பிய தாள் எதையும் நிர்வாகம் பார்க்காது, அறிக்கையில் கல்லூரியின் பெயர் வராது. இந்தச் சட்ட வயது ஒப்பீட்டிலும் முக்கியம். அமெரிக்காவிலும் 21, பிரிட்டனில் 18. "போலீஸ், நிர்வாகத்தோடு பிரச்சினை" என்பதன் பொருள் அதற்கேற்ப மாறும்.

7. யாரை, எத்தனை பேரை

வழக்கமாக எல்லோரும் போடும் கணக்கு: 20 சதவீதம் பேர் குடிப்பார்கள் என்று வைத்து, 4 சதவீதப் பிழை வரம்போடு, 384 பேர். வகுப்பு வகுப்பாக எடுப்பதால் இரண்டால் பெருக்கி 768. ஐந்தில் ஒருவர் தரமாட்டார் என்றால் 960 பேரை அணுக வேண்டும். இதுவரை சரி. ஆனால் இந்த 768-ல் குடித்தவர்கள் சுமார் 154 பேர்தான், நம் 24 கேள்விகளுக்குப் பதில் தரப்போவது அவர்கள் மட்டும்தான். பத்தாவது படியின் சோதனைக்கு ஒவ்வொரு நாட்டிலும் குடித்தவர்களே 300 பேராவது வேண்டும் என்பது என் கணக்கு. அப்படியானால் அணுக வேண்டியவர்கள் 1,875. முடியாது என்றால் இரண்டு மூன்று குழுக்கள் சேர்ந்து செய்யுங்கள்.

மதுரைக் கல்லூரி உலகம் ஒரே மாதிரி இல்லை. அரசு, உதவிபெறும், சுயநிதி, மகளிர், பொறியியல், மருத்துவம். அதற்குள் காலை ஷிஃப்ட், மாலை ஷிஃப்ட். உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம் பக்கமிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகும் பிள்ளைக்கும், காமராசர் பல்கலைக்கழக விடுதியில் இருப்பவருக்கும், நகருக்குள் நான்கு பேராக அறை எடுத்துத் தங்குபவருக்கும் குடிக்கும் சந்தர்ப்பமே வேறு. முதலில் கல்லூரி வகை, பிறகு துறை, பிறகு வகுப்பு என்று குலுக்கி எடுங்கள். தெரிந்த பேராசிரியரின் வகுப்பை மட்டும் எடுக்காதீர்கள். எங்கே தங்குகிறார் என்ற கேள்வி கட்டாயம் தாளில் இருக்க வேண்டும். வெளிநாட்டில் பெரும்பாலோர் பெற்றோரை விட்டுத் தனியாக இருந்தால், வித்தியாசம் நாட்டினுடையதா தங்குமிடத்தினுடையதா என்று பிரிக்க அது ஒன்றுதான் வழி.

அன்று வராதவர்களைத் தேடி இன்னொரு நாள் போங்கள். வராதவர்களில்தான் நாம் தேடுபவர்கள் கூடுதலாக இருக்கக்கூடும்.

8. வகுப்பறையில்

ஆசிரியர் வெளியே போக வேண்டும், கதவருகில்கூட நிற்கக் கூடாது. ஒரு இருக்கை விட்டு உட்கார வையுங்கள். தாள், உறை, பூட்டிய பெட்டி. தமிழ், ஆங்கிலம் இரண்டு வடிவமும் கையில் இருக்கட்டும், கேட்டதைக் கொடுங்கள். கூகுள் ஃபார்மைத் தவிர்க்க முடியவில்லை என்றால் மின்னஞ்சல் சேகரிப்பை அணைத்துவிட்டீர்களா என்று இரண்டு முறை பாருங்கள்.

புதியவர்கள் கவனிக்காத ஒன்று: "குடித்ததில்லை என்றால் கடைசிப் பக்கத்துக்குப் போகவும்" என்று எழுதினால், குடிக்காதவர்கள் இரண்டு நிமிடத்தில் பேனாவை மூடிவிடுவார்கள். இன்னும் எழுதிக்கொண்டிருப்பவர் யார் என்று வகுப்பே திரும்பிப் பார்க்கும். அடுத்த வகுப்பில் எல்லோரும் "குடித்ததில்லை" ஆகிவிடுவார்கள். குடிக்காதவர்களுக்கும் அதே நீளத்தில் தூக்கம், சாப்பாடு, செல்போன் பற்றிய கேள்விகளைக் கொடுங்கள். பக்க எண்ணிக்கையும் ஒன்றாக இருக்கட்டும்.

நாள் தேர்வும் முக்கியம். சித்திரைத் திருவிழா முடிந்த வாரத்தில் இங்கேயும், தேர்வு நடக்கும் வாரத்தில் அங்கேயும் கேட்டால் ஒப்பீடு போச்சு. மாதத்தைப் பார்க்காமல், செமஸ்டர் தொடங்கி எத்தனையாவது வாரம் என்று இரண்டு நாட்டிலும் ஒன்றாக வையுங்கள்.

எல்லோருக்கும், குடித்தவர் குடிக்காதவர் பாராமல், கிழித்து எடுத்துக்கொள்ளும் ஒரு சீட்டு கொடுங்கள். அதில் அரசின் மனநல உதவிச் சேவையான டெலிமானஸின் எண் 14416, கல்லூரி ஆலோசகர் இருந்தால் அவர் அறை. தாளை நிரப்பும்போதுதான் முதல் முறையாகத் தன்னைப் பற்றி யோசிக்கும் பிள்ளைகள் இருப்பார்கள். கேட்டுவிட்டு வெறுங்கையோடு அனுப்பக் கூடாது.

9. தரவைச் சுத்தம் செய்தல்

இரண்டு பேர் தனித்தனியாகப் பதிவு செய்து ஒப்பிடுங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே கட்டத்தில் டிக் அடித்த தாள், "குடித்ததில்லை" என்று சொல்லிவிட்டு ஃபுல் அடித்ததாக எழுதிய தாள் ஆகியவற்றை நீக்கும் விதியை தரவைப் பார்க்கும் முன்பே எழுதி, இரண்டு நாட்டிலும் ஒரே விதியைப் பயன்படுத்துங்கள். பதில் இல்லாத கட்டத்தில் பூஜ்ஜியம் போடாதீர்கள்.

10. ஒப்பிடும் முன் அளவுகோலைச் சோதியுங்கள்

இந்தப் படிக்காகத்தான் மேலே அத்தனை பாடும். கேள்வி இதுதான்: ஒட்டுமொத்தமாக ஒரே அளவு கெடுதலைச் சந்தித்த இரண்டு மாணவர்கள், ஒருவர் மதுரை, ஒருவர் ஸ்பெயின் என்று வைப்போம், ஒவ்வொரு கேள்விக்கும் "ஆம்" சொல்ல ஒரே அளவு வாய்ப்பு உண்டா? உண்டென்றால்தான் மொத்தங்களை ஒப்பிடலாம். இரண்டு ஊரிலும் படி ஒன்றாக இருந்தால்தானே அரிசி எங்கே அதிகம் என்று சொல்ல முடியும்.

வழக்கமான வரிசை மூன்று. முதலில், கேள்விகள் இரண்டு நாட்டிலும் ஒரே மாதிரிக் கூட்டாகச் சேர்கின்றனவா. அடுத்து, ஒவ்வொரு கேள்வியும் அந்தப் பொதுவான கெடுதலோடு ஒரே அளவு பிணைந்திருக்கிறதா. கடைசியாக, "ஆம்" சொல்லத் தொடங்கும் இடம் ஒன்றாக இருக்கிறதா. ஆம்-இல்லைக் கேள்விகளில் இரண்டாவதையும் மூன்றாவதையும் பிரித்துச் சோதிப்பது சிக்கல், இரண்டும் இரு நாட்டுக்கும் சமம் என்று சேர்த்தே கட்டுப்படுத்துங்கள். லாவானில் கேள்விகள் வகைப்பட்டவை என்று சொல்ல மறந்தால் அது தொடர் எண்ணாக எடுத்துக்கொண்டு அழகான, தவறான விடை தரும்.

மாதிரி தரவோடு எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் இரண்டு எண்களை மென்பொருள் தரும்: கட்டுப்பாட்டைக் கூட்டும்போது சி.எஃப்.ஐ. (CFI) 0.01-க்கு மேல் குறையக் கூடாது, ஆர்.எம்.எஸ்.ஈ.ஏ. (RMSEA) 0.015-க்கு மேல் ஏறக் கூடாது என்பது பரவலாகப் பயன்படும் அளவு. இவை தொடர் எண் தரவை வைத்து வகுக்கப்பட்டவை, அதனால் அவற்றைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ளாமல் ஒவ்வொரு கேள்வியையும் தனியாகவும் பாருங்கள். மொத்த மதிப்பெண்ணைக் கட்டுப்படுத்திய லாஜிஸ்டிக் ரிக்ரஷன் போதும்.

சில கேள்விகள் தவறும், அது இயல்பு. வகுப்புக்கு வராதது, வண்டி ஓட்டியது, மனசு உறுத்தியது ஆகியவற்றின் மேல் எனக்கு முதல் சந்தேகம். தவறியவை இரண்டு மூன்று என்றால் அவற்றுக்கு மட்டும் நாட்டுக்கு நாடு வேறு மதிப்பு விட்டு, மீதியை நங்கூரமாக வைத்து ஒப்பிடலாம். பாதிக்கு மேல் தவறினால் மொத்தத்தை ஒப்பிடாதீர்கள், கேள்வி வாரியாக மட்டும் எழுதுங்கள். தவறிய கேள்வியைச் சத்தமில்லாமல் நீக்குவது கூடாது. ஐந்தாவது படியில் எழுதி வைத்த குறிப்பை இப்போது எடுங்கள், அது ஏன் தவறியது என்பதற்கான விளக்கம் அதில்தான் இருக்கிறது. பல சமயம் ஆய்வின் மிக நல்ல பகுதியே அதுவாக அமைகிறது.

11. ஒப்பிட்டு எழுதுவது

ஒரே எண்ணாகச் சொல்லாதீர்கள். மூன்று எண்கள் வேண்டும்: மாணவர்களில் எத்தனை சதவீதம் பேர் கடந்த ஆண்டில் குடித்தார்கள், குடித்தவர்களுக்கு நேர்ந்த கெடுதல் சராசரியாக எத்தனை, ஒரே கிராம் அளவு குடித்தவர்களிடையே அந்தக் கெடுதல் எப்படி வேறுபடுகிறது. குடிக்காதவர்களையும் சேர்த்துச் சராசரி போட்டால் மதுரை எப்போதும் "பாதுகாப்பான" ஊராகத் தெரியும், ஏனென்றால் இங்கே பெரும்பாலோர் குடிப்பதில்லை. குடிக்கும் பிள்ளைகளின் நிலை அந்தச் சராசரிக்குள் மறைந்துவிடும். குறைவான பேர் குடிக்கும் ஊரில், குடிப்பவர் ஒவ்வொருவருக்கும் கெடுதல் கூடுதலாக இருக்க முடியும், இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம்.

கெடுதல் எண்ணிக்கை பலருக்கு ஒன்று இரண்டு, சிலருக்குப் பதினைந்து என்று ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும், நெகட்டிவ் பைனாமியல் மாதிரி அதற்குப் பொருந்தும். ஒரே கல்லூரிக்காரர்கள் ஒரே மாதிரி இருப்பார்கள் என்பதையும் கணக்கில் சேருங்கள். ஆண், பெண்ணைத் தனித்தனியாகச் சொல்லுங்கள். குடித்த பெண்கள் மிகக் குறைவாக இருந்தால் அவர்களுக்குச் சதவீதம் போடவே வேண்டாம், சிறிய வகுப்பில் அது ஒருவரை அடையாளம் காட்டிவிடும்.

பிறர் குடியால் வந்த கெடுதலுக்குத் தனி அட்டவணை, அறிக்கையின் நடுவில், பிற்சேர்க்கையில் அல்ல.

செய்தித்தாளுக்குக் கொடுக்கும் சுருக்கத்தை நீங்களே எழுதுங்கள். "மதுரை மாணவர்களில் இத்தனை பேர் குடிகாரர்கள்" என்று தலைப்பு வந்தால் அடுத்த ஆண்டு எந்தக் கல்லூரியும் கதவைத் திறக்காது, அதைவிட, தாளை நம்பி உண்மையைச் சொன்ன பிள்ளைகளுக்கு அது துரோகம். ஆடிட்டையும் கேட்டிருந்தால், "ஆடிட்டில் 8 அல்லது அதற்கு மேல்" என்பது நோய் முடிவு கிடையாது என்று அதிலேயே ஒரு வரி இருக்கட்டும்.

கடைசியாக, தமிழ் வடிவம், அதை ஏன் அப்படி மாற்றினோம் என்ற நோட்டு, கிராம் அட்டவணை, ஆர் நிரல் ஆகிய நான்கையும் யார் கேட்டாலும் தரும்படி ஒரு பொதுக் களஞ்சியத்தில் ஏற்றுங்கள். தரவை ஏற்றும்போது கல்லூரி, துறை, ஊர் மூன்றையும் எடுத்துவிட்டு ஏற்றுங்கள். அடுத்து திருநெல்வேலியிலோ யாழ்ப்பாணத்திலோ இதே வேலையைத் தொடங்குபவர் நான்காவது படியின் தமிழாக்கத்தை மறுபடி ஆரம்பிக்க வேண்டியிராது, ஐந்தாவது படியிலிருந்து தன் ஊர்ப் பிள்ளைகளோடு தொடங்கினால் போதும்.